திமிங்கிலத்துக்குக் கீழே ஒரு கட்டில்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் ஒரு திமிங்கிலம் இருக்கிறது. கருநீலக் கடலில் அதைவிடக் கருத்த நீலத்தில் கிடக்கிறது. நாற்பது பேர் சேர்ந்து வரைந்தோம். 'காலநிலைக்கான சமூகக் கலை' என்று நகரத்தில் ஒரு போட்டி நடக்கிறது. அதன் கடைசிச் சுற்றுக்கு எங்கள் திமிங்கிலம் தேறிவிட்டது. சனிக்கிழமை நான்கு மணிக்கு நடுவர்கள் வந்து ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பார்கள். ஓவியத்தோடு ஒரு கதையும் தர வேண்டும் என்பது விதி. ஓவியம் எப்படிப் பிறந்தது, அதனால் மக்கள் எப்படி மாறினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். எதற்கெடுத்தாலும் சுற்றறிக்கை விடுகிறவர் என்பதால் அவருக்கே சுற்றறிக்கை என்று பெயர் ஆகிவிட்டது.

"நீங்கதானே தம்பி எழுதுறவர்?"

"நான் எழுதுறது கையேடு சார். மின்சார அடுப்புக்கு. ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்னு எழுதுவேன்."

"அதேதான் வேணும். படிச்சதும் ஜனங்க கேட்டு நடக்கணும். ரெண்டே விஷயம். 'நான்'னு எழுதாதீங்க, டைரி மாதிரி ஆயிடும். 'அவன்'னு எழுதுங்க. சோகம் வரலாம், வேண்டாம்னு சொல்லலை. ஆனா மூணாவது பத்தியோட முடிஞ்சிடணும்."

சோகம் என்று அவர் சொன்னது என் மனைவியை. திமிங்கிலத்துக்குக் கோடு போட்டவள் அவள்தான். பள்ளியில் ஓவிய ஆசிரியை. வரைந்து முடித்த ஆறாவது வாரம் இறந்துபோனாள். எட்டு மாதம் ஆகிறது.

மூன்றாவது பத்தி எப்போதோ தாண்டிவிட்டது. சரி, போகட்டும்.

2

தொடக்கம் ஒன்று: பூமித்தாய் கண்ணீர் வடித்தாள். அவளுடைய —

(வேண்டாம்.)

தொடக்கம் இரண்டு: ஒரு மொட்டைமாடிக்கு ஒரு கனவு இருந்தது. அந்தக் கனவில் —

(மொட்டைமாடிக்குக் கனவு கிடையாது. தண்ணீர்த்தொட்டி உண்டு.)

தொடக்கம் மூன்று: எச்சரிக்கை. பயன்படுத்தும் முன் இந்தக் கதையை முழுவதும் படிக்கவும் —

(தொழில் புத்தி.)

தொடக்கம் நான்கு: அவன் மாடிக்குப் போனபோது திமிங்கிலத்தின் மேல் யாரோ துணி போர்த்தியிருந்தார்கள்.

இது நடந்தது. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

அவன் மாடிக்குப் போனபோது திமிங்கிலத்தின் மேல் யாரோ துணி போர்த்தியிருந்தார்கள். பதினொரு மணி வெயில். பழைய படுக்கை விரிப்புகள், வேட்டிகள், ரவிக்கைக்கு உள்ளே கொடுக்கும் வெள்ளைத் துணிகள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, ஒரு வீட்டின் அகலத்துக்கு ஒரே விரிப்பு. நான்கு மூலையிலும் செங்கல். தையலக்கா வாளியோடு நின்று, குவளையால் தண்ணீர் மொண்டு தெளித்துக்கொண்டிருந்தார்.

நாலாவது மாடியில், திமிங்கிலத்துக்கு நேர் கீழே இருக்கும் வீடு அவருடையது. வாடகைக்கு இருக்கிறார். வீட்டிலேயே தைக்கிறார். அந்த அடுக்ககத்தில் அவர் அளவெடுக்காத பெண் இல்லை.

"என்னக்கா இது?"

"பாத்தா தெரியலையா? திமிங்கிலத்துக்குக் காய்ச்சல். ஈரத்துணி போடுறேன்."

அவன் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்பது தெரிந்தது.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்க வீட்டம்மா வரைஞ்சது. நானும்தான் அந்த ஓரத்து ஆமைக்கு வர்ணம் அடிச்சேன். அழகாத்தான் இருக்கு. ஆனா இந்த வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து உங்க மாமா தூங்கலை."

மாமா என்பது அக்காவின் கணவர். இரவுப் பேருந்து ஓட்டுகிறார். சாயங்காலம் ஏழரைக்குக் கிளம்பினால் மறுநாள் காலை ஏழுக்கு வருவார். அவருக்குப் பகல்தான் ராத்திரி.

"போன வருஷமும் வெயில் அடிச்சுதே அக்கா."

"போன வருஷம் மாடி வெள்ளையா இருந்துச்சே."

குவளை நின்றது. அக்கா குரலைத் தணித்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை ஓட்டும்போதே கண்ணு அசந்துட்டாராம். வண்டி நடுத்தடுப்புல உரசிட்டு நின்னிருக்கு. உள்ள முப்பத்தெட்டுப் பேரு. ஒருத்தர்கூட முழிக்கலையாம் தம்பி. அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாரு. ஆபீஸ்ல டயர் கோளாறுன்னு சொல்லியிருக்காரு. எனக்கு மட்டும்தான் உண்மையைச் சொன்னாரு. இப்ப உங்களுக்கு."

(இதைக் கதையில் எழுதலாமா என்று பிறகு கேட்டேன். "எந்த ரூட்டுன்னு மட்டும் போட்டுடாதீங்க" என்றார் அக்கா. போடவில்லை.)

படிக்கட்டுக்கு அடியில் ஒரு வாளி மூடியோடு இருந்தது. மாடிக்கு அடிக்கிற வெள்ளைப் பூச்சு. அக்கா வாங்கி வைத்து ஒரு வாரம் ஆகிறது.

"உங்களைக் கேக்காம மூடியைத் திறக்க மாட்டேன்" என்றார்.

4

அவன் அலுவலகத்திலிருந்து வெப்பமானியை எடுத்து வந்தான். துப்பாக்கி மாதிரி இருக்கும். நீட்டினால் எந்தப் பரப்பின் சூட்டையும் சொல்லிவிடும். அடுப்புகளைச் சோதிக்க வைத்திருப்பது.

பிற்பகல் இரண்டு மணி. தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் வர்ணம் படாமல் பழைய வெள்ளை கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதுவும் வெயிலில்தான். நாற்பத்தொன்று. விரிப்புக்கு வெளியே தெரிந்த திமிங்கிலத்தின் முதுகில் அறுபத்துமூன்று. அவன் அதை மிதிக்காமல், ஓரமாக நின்று எட்டி நீட்டி அளந்தான். மற்றவர்கள் மிதிக்கிறார்கள், துணி காயப்போட வேறு வழி இல்லை.

கீழே அக்காவின் வீட்டில் ஒரே அறை. ஒரு பக்கம் தையல் இயந்திரம், மறுபக்கம் கட்டில். கட்டிலில் ஓட்டுநர் மார்பில் ஈரத்துண்டோடு மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது.

"வாங்க எஞ்சினியர்."

"எஞ்சினியர் இல்ல மாமா."

"கையில துப்பாக்கி இருக்கே. அப்படியே என்னைச் சுட்டுடுங்க. நிம்மதியா தூங்கிடுவேன்."

"வாயைக் கழுவுங்க" என்றார் அக்கா, இயந்திரத்தை நிறுத்தாமல்.

அவன் கூரையை நோக்கி நீட்டினான். நாற்பத்திரண்டு.

"என்ன காட்டுது?"

சொன்னான்.

"எஞ்சின் பக்கத்து சீட்டே தேவலை. பூமியைக் குளுமையாக்கப் போறாங்களாம். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன்... சரி விடுங்க, உங்க வீட்டம்மா வரைஞ்சது. மிச்சத்தைச் சொல்லலை."

மிச்சம் எல்லோருக்கும் தெரியும்.

நாலாவது மாடியில் எட்டு வீடு. ஏழு வீட்டில் ஏசி. திமிங்கிலம் வந்த பிறகு அந்த ஏழும் முன்பைவிட அதிக நேரம் ஓடுகின்றன. காலநிலைக்காக வரைந்த ஓவியம்!

கறுப்புச் சட்டை வெயிலில் சுடும் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மாடியில் இருந்தவர்கள் நாற்பது பேர். அதில் ஒருவர் மருந்தாளர், இருவர் கணக்கு வாத்தியார்கள், ஒருவன் இயற்பியலில் பட்டம் வாங்கியவன். ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் ட்ரோனின் கண்ணால் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடியிலிருந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

5

இந்த 'அவன்' மேல் எனக்கு நம்பிக்கை குறைகிறது.

அக்கா சொன்னாராம், உடனே வெப்பமானியோடு வந்து நின்றானாம். கையேட்டில் வரும் ஆள் மாதிரி இருக்கிறான். படி ஒன்று முடிந்ததும் படி இரண்டு. உண்மையில் நான்கு நாள் அவன் எதுவும் செய்யவில்லை. அக்கா எதிரே வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டு போனான். ஐந்தாம் நாள்தான் அளந்தான். அதுவும் அக்கா சொன்னது பொய்யாக இருக்காதா என்ற ஆசையில்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை 'அவன்' என்று எழுத முடியவில்லை. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

வர்ணக்கடையில் அவள் மூன்று நீலங்களை எடுத்து வைத்து, "எதுங்க?" என்று கேட்டாள். ஒன்று வானம் மாதிரி. ஒன்று நடுத்தரம். ஒன்று கருநீலம். நான் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். "அந்தக் கடைசி டப்பா" என்றேன். அதுதான் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. "எனக்கும் அதுதான் தோணுச்சு" என்றாள். நிஜமாகவே தோன்றியதா, என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னாளா என்று இனி கேட்க முடியாது. பதினான்கு டப்பாவையும் நான்தான் மாடிக்குச் சுமந்தேன். யாருக்கு அனுப்பினேன், என்ன செய்தி என்று நினைவில்லை. தேடிப் பார்த்தேன். பால்காரருக்கு, 'நாளை ஒரு பாக்கெட் போதும்'.

(இந்தப் பத்தியை எடுத்துவிடலாம். கதைக்குத் தேவையில்லை.)

(இருக்கட்டும்.)

6

மக்கள் எப்படி மாறினார்கள் என்று எழுத வேண்டும் அல்லவா? விசாரித்தேன். முப்பத்திரண்டு வீட்டில் இருபத்தைந்து வீட்டுக்காரர்கள் செல்போன் முகப்பில் திமிங்கிலத்தை வைத்திருக்கிறார்கள். இரண்டாம் மாடியில் ஒருவர் பதினொரு நாள் குப்பையைப் பிரித்துப் போட்டார். பன்னிரண்டாம் நாள் ஊருக்குப் போனார். வந்தபின் மறந்துவிட்டார்.

கதையைப் படித்துவிட்டு யாராவது ஏசியை அணைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கையேட்டைப் படித்து அணைத்திருக்கிறார்கள், தீப்பிடிக்கும் என்று எழுதியிருந்தால்.

அவன் (மறுபடி 'அவன்') வெள்ளிக்கிழமை சுற்றறிக்கையின் வீட்டுக்குப் போனான். காலையிலேயே மின்தூக்கிக் கதவில் புதுச் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது: 'நாளை மொட்டைமாடியில் விரிப்பு, துணி, வாளி, இன்னபிற பொருட்களுக்கு அனுமதி இல்லை. பூமியைக் காப்போம்.'

கூடத்தில் ஏசி இருபதில் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தத் தையல்காரம்மாவுக்கு நாம என்ன துரோகம் பண்ணோம் தம்பி? சங்கத்து ஃபேன் ஒண்ணு தர்றேன்னு சொல்லியாச்சு."

"அந்தச் சூட்டுக் காத்தையேதான் சார் அது சுத்தி விடும்."

"சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க."

"அதுக்கப்புறம் வெள்ளை அடிச்சுக்கலாமா?"

"ஜெயிச்சா எப்படி அடிக்கிறது? ஜெயிச்ச ஓவியத்தை அழிச்சா ஊர் சிரிக்காதா?"

"தோத்தா?"

"தோத்தா அடுத்த வருஷமும் அனுப்பலாமே."

அவன் வெப்பமானி காட்டிய எண்களைச் சொன்னான். சுற்றறிக்கை கவனமாகக் கேட்டார். கெட்டவர் இல்லை. அவள் படுத்திருந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர். அதனால்தான் அவரிடம் கோபப்படவும் வரவில்லை, படாமலிருக்கவும் வரவில்லை.

"தம்பி, மாடிக் கதவுல மேடம் பேர்ல பலகை வைக்கலாம்னு இருக்கோம். அவங்க கையால வரைஞ்ச கடைசிப் படம். அதுமேல வெள்ளை அடின்னு நீங்களே சொல்லுவீங்களா? சொல்லுங்க, நான் உடனே ஆள் விடுறேன்."

அவன் சொல்லவில்லை. அவர் அதைத் தமக்குச் சாதகமான பதிலாக எடுத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டார்.

"ஒரு யோசனை. கதையில மேடம் வெயில்லதான் போனாங்கன்னு வச்சுக்கிட்டா என்ன? மாடியில வரைஞ்சாங்க, உச்சி வெயில், பூமிக்காக உயிரையே... நடுவருங்க உருகிடுவாங்க."

"அன்னைக்கு மழை சார்."

"கதைதானே தம்பி."

மழை. ஆம்புலன்ஸின் ஒரு ஜன்னல் மூடவில்லை. கால்பக்கம் நனைந்துகொண்டே போனாள். மூளைக்காய்ச்சல். அவள் சாவுக்கும் காலநிலைக்கும் சம்பந்தம் இல்லை. எதற்கும் சம்பந்தம் இல்லை. அதை எங்கேயும் பொருத்த முடியவில்லை, கதையிலும்கூட.

7

சனிக்கிழமை. மணி பன்னிரண்டு. முடிவு மட்டும் பாக்கி. கையேட்டுக்கு முடிவு கிடையாது. கடைசிப் பக்கத்தில் சேவை எண் இருக்கும். எனக்குப் பழக்கமில்லாத வேலை. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. ட்ரோன் மேலே மேலே எழும்புகிறது. நகரத்தின் நடுவே திமிங்கிலம் நீந்துகிறது. நடுவர்கள் கண் கலங்க, மக்கள் கைகோத்து —

(எதற்குக் கைகோக்கிறார்கள் என்று தெரியவில்லை. இந்த மாதிரிக் கதைகளில் கோத்துக்கொள்கிறார்கள்.)

முடிவு ஆ. அவன் வாளியைத் திறக்கிறான். தனியாக, வாலிலிருந்து தொடங்கி முகம் வரை வெள்ளை அடிக்கிறான். அடித்து முடித்ததும் உட்கார்ந்து அழுகிறான்.

(எட்டு மாதமாக அழாதவன் சரியாக இங்கே வந்து ஏன் அழ வேண்டும்? கதைக்கு வசதி.)

முடிவு இ. நடுவர்களில் ஒருவர் கட்டடம் தெரிந்தவர். "இது வீட்டைச் சூடாக்குமே" என்கிறார். சங்கம் திருந்துகிறது. வெள்ளை அடித்து, அதன்மேல் மெல்லிய கோட்டில் அதே திமிங்கிலத்தை மறுபடி வரைகிறார்கள். படமும் நிற்கிறது, வீடும் குளிர்கிறது.

(மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே நம்ப முடியவில்லை. அவள் கோடு வேறு யாருக்கும் வராது. வரைய யார் வருவார்கள்? போனமுறை முதல்நாள் நாற்பது பேர், கடைசிநாள் ஐந்து பேர். அந்த ஐந்தில் ஒருவர் தையலக்கா.)

தாள்களை எடுத்துக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனேன். ஓட்டுநர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். விரிப்புக்கு இன்று அனுமதி இல்லாததால் அறை வெந்துகொண்டிருந்தது. அக்கா இயந்திரத்தின் மேலேயே தாள்களைப் பரப்பி, வாய்க்குள் முணுமுணுத்தபடி படித்தார். டயர் வருகிற இடத்தில் ஒருமுறை கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். படித்து முடித்துத் தாள்களைத் தட்டி அடுக்கினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா மூணு முடிவுலயும் உங்க மாமா தூங்கவே இல்லையே தம்பி."

"ரெண்டாவதுல வெள்ளை அடிச்சாச்சே அக்கா."

"அடிச்சுட்டு நீங்க அழுறீங்க. அதோட முடிஞ்சுபோச்சு. கீழ ஒருத்தர் குறட்டை விட்டாரா இல்லையான்னு ஒரு வரி உண்டா?"

"விட்டேன்னே எழுதிக்கங்க" என்றது சுவர்ப்பக்கமிருந்து ஒரு குரல். "எழுத்துலயாவது தூங்கிக்கிறேன்."

அக்கா எழுந்தார். கழுத்தில் கிடந்த அளவுநாடாவைக் கையில் எடுத்தார். கட்டிலிலிருந்து கதவுக்கு எவ்வளவு, பக்கச் சுவருக்கு எவ்வளவு என்று அளந்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே படியேறினார். நானும் பின்னால் போனேன். மாடியில் படிக்கட்டுச் சுவரிலிருந்து அதே அளவை வைத்துப் பார்த்தார். பிறகு துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால், திமிங்கிலத்தின் மேல் ஒரு நீள்சதுரம் வரைந்தார். ஆறடிக்கு நாலடி. கீழே கிடக்கும் கட்டிலின் அளவு. அது வயிற்றில், வாலுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தது.

"கட்டில் மேல மட்டும் அடிச்சுக்கிறேன் தம்பி. முகம் தப்பிச்சிடுச்சு பாருங்க. கண்ணு, வாய், அந்தத் துடுப்பு எல்லாம் அப்படியே இருக்கும். மேலேர்ந்து படம் எடுத்தா ஒரு ஒட்டுத்துணி மாதிரிதான் தெரியும். சுற்றறிக்கைகிட்ட நான் பேசிக்கிறேன். உங்களுக்கும் மனசு சங்கடப்படாது."

அவர் வெறுங்காலோடு நின்றார். அந்தச் சூட்டில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு போதும்ல?"

கதையை இங்கே நிறுத்துகிறேன். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

தளம் ஒரே கான்கிரீட். ஆறடிக்கு நாலடி மட்டும் வெள்ளை அடித்தால், சுற்றியிருக்கும் நீலத்திலிருந்து சூடு அறைக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அறைக்குள் ஒரு டிகிரி குறையலாம். குறையாமலும் போகலாம். அறை குளிர வேண்டுமானால் அறை முழுவதற்கும் மேலே அடிக்க வேண்டும். அதில் வயிறு போகும், துடுப்பு போகும், முகம் போகும். இது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. நான் படித்தவன், போதும் என்றால் நம்பிவிடுவார். நன்றிகூடச் சொல்வார். இன்று ஏழரைக்கு அவர் கணவர் வண்டியை எடுப்பார்.

அக்கா சாக்கட்டியோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எண்களை உங்களிடம் கொடுத்துவிட்டேன். எதையும் மறைக்கவில்லை.

போதுமா? நீங்கள் சொல்லுங்கள்.